வலிப்பு மாத்திரையும் கண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் மருந்துக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்று வேலை பார்ப்பவள் நான். வலிப்பு மாத்திரை வாங்க வரும் நம்மவர்கள் கண்ணைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் பையைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான். "ஒண்ணுமில்ல, கொஞ்ச நாளா கண்ணு மங்கலா இருக்கு. கண்ணாடி மாத்தணும் போல." கீழ்த்தளத்துக் கடையிலேயே கண் சோதித்து, ஒரு மணி நேரத்தில் கண்ணாடி வாங்கிவிட முடிகிற ஊர் இது. மாத்திரை செய்கிற வேலைக்குக் கண்ணாடியைக் குறைசொல்லிக் காசு செலவழிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இந்தக் கேள்வி-பதில். உங்கள் மருத்துவரின் இடத்தை இது பிடிக்காது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

வலிப்புக்குச் சாப்பிடும் மாத்திரை கண்ணை ஏன் தொடுகிறது?

இரண்டு வழியில். முதலாவது, மூளை வழியாக. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியில் நிற்பதற்கு மூளைத்தண்டும் சிறுமூளையும் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கின்றன. வலிப்பு மாத்திரையின் வேலை அளவுமீறித் துடிக்கும் நரம்பு அணுக்களை அடக்குவது. அடக்கும்போது இந்தக் கணக்கும் கொஞ்சம் தளர்ந்துவிடும். பொருள்கள் இரண்டாகத் தெரிவது, மங்கல், கண் ஆடுவது எல்லாம் அப்படி வருபவை. கார்பமாஸெபின், ஆக்ஸ்கார்பஸெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடோயின், லாகோசமைடு ஆகியவற்றில் இது சகஜம். மருந்தின் அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் போய்விடும்.

இரண்டாவது வழியில் மாத்திரை கண்ணையே நேராகத் தொடுகிறது. இப்படிச் செய்பவை குறைவு, ஆனால் ஆபத்து இங்கேதான் அதிகம். டோபிரமேட், விகாபட்ரின் இரண்டையும் பெயர் சொல்லி நினைவில் வையுங்கள்.

எனக்கு வலிப்பே கிடையாதே, இது எனக்குப் பொருந்துமா?

பொருந்தலாம். டோபிரமேட் ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் கொடுக்கப்படுகிறது. கார்பமாஸெபின் முக நரம்பு வலிக்கும், ப்ரெகாபலினும் கபாபென்டினும் சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கும், லாமோட்ரிஜினும் வால்ப்ரோயேட்டும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் தரப்படுகின்றன. மாத்திரைத் தாளில் 'வலிப்பு' என்று படித்துவிட்டு, 'டாக்டர் தப்பா குடுத்துட்டாரு' என்று நிறுத்திவிடுபவர்களும் உண்டு. நிறுத்தாதீர்கள், கேளுங்கள்.

எது வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது?

இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், இரவானாலும் சரி:

- டோபிரமேட் சாப்பிடுபவருக்குத் திடீரென்று தூரப் பார்வை மங்குவது, கண் வலி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வளையம், அதோடு தலைவலியோ வாந்தியோ.
- புதிதாக மாத்திரை தொடங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல், வாய்ப்புண், தோல் தடிப்பு, கூடவே கண் சிவந்து எரிவது.
- இரண்டாகத் தெரிவதோடு வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது. இது பக்கவாதமாக இருக்கலாம், மாத்திரையைச் சந்தேகித்து நேரத்தை விடாமல் 995-ஐ அழையுங்கள்.

டோபிரமேட் கண்ணில் அப்படி என்னதான் செய்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தால் பார்வையைக் காப்பாற்றும் விஷயம் இது.

கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றி ஒரு தசை வளையம் உண்டு. மிகச் சிலருக்கு டோபிரமேட் அந்த வளையத்துக்குப் பின்னால் நீர் கோக்க வைக்கிறது. வளையம் வீங்கி முன்னால் சாய்கிறது, வில்லை தடித்து முன்னால் தள்ளப்படுகிறது. உடனே கிட்டப்பார்வை வந்துவிடும். நேற்று வரை பேருந்து நிறுத்தத்தில் தூரத்திலேயே எண்ணைப் படித்தவருக்கு இன்று பேருந்து அருகில் வந்து நின்றால்தான் அது 67-ஆ 87-ஆ என்று தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கோ இதற்கு நேர்மாறான ஓர் ஆச்சரியம் நடக்கும்: வாசிப்புக் கண்ணாடி இல்லாமலே தமிழ் முரசைப் படிக்க முடியும். கண் நன்றாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடக் கூடாது.

வில்லை இன்னும் முன்னால் வந்தால் கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான கருவிழிப்படலமும் சேர்ந்து தள்ளப்பட்டு, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் கோணம் அடைபடும். கண் அழுத்தம் ஏறும், வலி எடுக்கும். இதுவும் குளுக்கோமாதான், ஆனால் வழக்கமான கோண அடைப்புக் குளுக்கோமா அல்ல. வழக்கமானது பெரும்பாலும் வயதானவர்களுக்கு, ஒரு கண்ணில் வரும். இது இளவயதினருக்கும் வரும், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் சேர்ந்து வரும், மாத்திரை தொடங்கிய முதல் மாதத்துக்குள்ளேயே அநேகமாக வந்துவிடும். அளவைக் கூட்டிய பிறகும் வரலாம்.

வைத்தியமும் வேறு. வழக்கமான கோண அடைப்புக்கு லேசரால் சிறு துளை போடுவார்கள், கண்மணியைச் சுருக்கும் சொட்டு விடுவார்கள். இங்கே லேசர் துளையால் பெரிதாகப் பயன் இல்லை, சுருக்கும் சொட்டு நிலைமையை மோசமாக்கக்கூடும். டோபிரமேட்டை நிறுத்துவதும், தசையைத் தளர்த்தி விரிக்கும் சொட்டும், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளும்தான் வைத்தியம். கோண அடைப்பு அதிகமாகக் காணப்படும் ஆசிய ஊர் நம்முடையது. அவசரப் பிரிவில் சிவந்த கண்ணோடு ஒருவர் வந்தால் முதலில் மனதில் வருவது வழக்கமான வகையாகவே இருக்கும். ஆகவே படிவம் நிரப்பும்போதே "டோபிரமேட் சாப்பிடுறேன், இத்தனை நாளாகுது" என்று சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் பார்வை பழையபடி திரும்பும். நாள் கடத்தினால் பார்வை நரம்பு சேதமாகும், அது திரும்பாது.

இரண்டு இரண்டாகத் தெரிகிறது. மாத்திரையா, கண்ணா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கதவின் கைப்பிடியைப் பாருங்கள், இரண்டாகத் தெரியும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். பிறகு மற்றக் கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறதென்றால் கண்கள் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வலிப்பு மாத்திரை செய்வது இந்த மாதிரித்தான், வேறு காரணங்களும் உண்டு. ஒரு கண்ணை மூடிய பிறகும் நிழல் போல இரண்டு தெரிந்தால் கண்புரை, கண் உலர்வு, கண்ணாடி எண் என்று திறந்திருக்கும் அந்தக் கண்ணுக்குள்ளேயே காரணம் இருக்கும். அதற்குக் கண்ணாடிக் கடை சரியான இடம்தான்.

அப்புறம் நேரத்தைக் குறியுங்கள். மாத்திரை சாப்பிட்ட நேரம் ஒரு பக்கம், இரண்டாகத் தெரிந்த நேரம் ஒரு பக்கம். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வந்து, அடுத்த வேளை நெருங்கும்போது தெளிந்துவிட்டால் இரத்தத்தில் மருந்து உச்சத்துக்குப் போகும் நேரம் அது என்று அர்த்தம். மருத்துவர் அதே மொத்த அளவை வேளைகளாகப் பிரித்துத் தருவார், அல்லது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றுவார். அந்த வகை மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிட்டால் மாற்றியதே வீண்.

பல வருஷமாக அதே அளவுதான் சாப்பிடுகிறேன். இப்போது மட்டும் ஏன்?

அளவு மாறாமலே இரத்தத்தில் மருந்து ஏறும் வழிகள் பல. இருமலுக்குப் போன இடத்தில் எரித்ரோமைசினோ கிளாரித்ரோமைசினோ எழுதிக் கொடுத்திருந்தால் கார்பமாஸெபின் அளவு எகிறும். கிரேப்ஃப்ரூட் சாறும் ஏற்றும். லாமோட்ரிஜினோடு வால்ப்ரோயேட்டைச் சேர்த்தால் லாமோட்ரிஜின் ஏறத்தாழ இரண்டு மடங்காகும், அதனால்தான் சேர்க்கும்போது அளவைக் குறைத்துத் தொடங்குகிறார்கள்.

பெண்கள் கவனிக்க: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினைக் குறைக்கும், கருத்தடை மாத்திரை சாப்பிடாத அந்த ஒரு வாரத்தில் லாமோட்ரிஜின் மேலே ஏறும். மாதம் தவறாமல் அதே வாரத்தில் கண் இரண்டாகத் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் உடல் லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றுவதால் அளவைக் கூட்டுவார்கள். குழந்தை பிறந்த சில வாரங்களில் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அளவைத் திருப்பிக் குறைக்காவிட்டால் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வரும். பிள்ளை பெற்ற வீட்டில் இதை யாரும் மாத்திரை என்று நினைப்பதில்லை. "தூக்கம் கெட்டா அப்படித்தான் இருக்கும்" என்று பத்தியச் சாப்பாடு கூடுமே தவிர, மருத்துவரிடம் போன் போகாது. பிரசவத்துக்கு முன்பே "பிறந்தப்புறம் அளவை எப்போ குறைக்கணும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா பக்கவாட்டில் பார்க்கும்போது கண் துடிதுடிக்கிறது. ஃபெனிடோயின் சாப்பிடுகிறார்.

நல்ல கவனிப்பு. சாப்பிடுபவருக்கே இது தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். ஃபெனிடோயின் இரத்தத்தில் வழக்கமாக லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டும்போது முதலில் கண் ஆடும், 30 வாக்கில் நடை தள்ளாடும், 40-க்கு மேல் மந்தமாகித் தூங்கி வழிவார். கண் ஆடுவதோடு நடையும் தள்ளாடினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்; இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது கண்ணைவிடப் பெரிய தொல்லை.

ஃபெனிடோயினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். அதனால்தான் ஊருக்குப் போய்வரும்போது 'அங்கே விலை குறைவு' என்று எப்டாயின் (ஃபெனிடோயினின் இந்திய பிராண்டு) வாங்கி வந்து இங்கே தந்ததற்குப் பதிலாகச் சாப்பிடுவதை நான் விரும்புவதில்லை. அங்கத்திய மாத்திரை மோசம் என்று சொல்லவில்லை. பிராண்டும் வகையும் மாறும்போது உடலில் சேரும் அளவும் மாறலாம், இரத்தப் பரிசோதனை இல்லாமல் அது தெரியாது.

இன்னொன்று: வயதானவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் பரிசோதனைத் தாளில் எண் சரியாக இருக்கும், கண் மட்டும் ஆடும். அப்போது கண் சொல்வதை நம்பச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம், தப்பில்லை.

கார்பமாஸெபின் தொடங்கும் முன் மரபணுச் சோதனை என்கிறார்கள். கண்ணுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்ற கடுமையான ஒவ்வாமையில் தோல் உரியும், வாயும் கண்ணும் புண்ணாகும். உயிர் பிழைத்தவர்களுக்கும் இமை கண்ணோடு ஒட்டிக்கொள்வது, கண்ணீர் வற்றுவது, கருவிழியில் தழும்பு என்று தொல்லை காலத்துக்கும் நிற்கலாம். எச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாஸெபினால் இது வரும் வாய்ப்பு மிக அதிகம். 2013-இல் சிங்கப்பூர் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும், ஆசிய வம்சாவளியினர் புதிதாகக் கார்பமாஸெபின் தொடங்கும் முன் இதைச் சோதிப்பதை வழக்கமான சிகிச்சைமுறையாக அறிவித்தன.

இந்த வகை சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. குறைவு என்பதால் நமக்குத் தேவையில்லை என்றாகாது. சோதனையில் இல்லை என்று வந்தாலும் ஆபத்து முழுதாக நீங்காது. லாமோட்ரிஜின், ஃபெனிடோயின் இவற்றாலும் இந்த ஒவ்வாமை வரலாம். முதல் இரண்டு மாதம் தோலையும் கண்ணையும் கவனியுங்கள். கண் சிவப்புக்குத் தேக்கா பக்கம் ஏதோ ஒரு சொட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்ற யோசனை இந்த இடத்தில் வேண்டாம்.

விகாபட்ரின் பார்வையைப் பறித்துவிடும் என்று படித்தேன். உண்மையா?

பயமுறுத்தும்படிதான் எழுதியிருப்பார்கள், ஆனால் அடிப்படை உண்மை. நெடுநாள் சாப்பிடும் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பார்வைப் புலம் (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு) ஓரங்களிலிருந்து சுருங்குகிறது. விழித்திரையில் ஏற்படும் சேதம் அது, மாத்திரையை நிறுத்தினாலும் போனது திரும்பாது. 1997-இல்தான் இது மருத்துவ உலகத்தின் கவனத்துக்கு வந்தது. மருந்து அதற்கு முன்பே பல நாடுகளில் விற்பனையில் இருந்தது. இன்று மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகே பெரியவர்களுக்கு இதைத் தருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், நடுப்பார்வை கெடாது. எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை கடகடவென்று படித்துவிடுவார். ஆனால் எம்ஆர்டி நடைமேடையில் பக்கவாட்டில் வருபவர் மீது மோதுவார், கதவு நிலையில் தோள் இடிக்கும், மேசை ஓரத்துக் கோப்பையைத் தட்டிவிடுவார். வீட்டில் "பார்த்து நடக்கக் கூடாதா?" என்று திட்டுவார்கள். அவர் பார்த்துத்தான் நடக்கிறார்.

அதனால் மாத்திரை தொடங்கும்போதே பார்வைப் புலச் சோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் (வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை) திரும்பத் திரும்பச் சோதனை. அரைக்கோளக் கிண்ணம் போன்ற கருவிக்கு முன்னால் மோவாயை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். அங்கங்கே பொட்டுப் பொட்டாய் ஒளி வரும், தெரியும்போதெல்லாம் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஏறத்தாழப் பாதி ஒளி வேண்டுமென்றே கண்ணுக்கு எட்டாத மங்கலாகத்தான் வரும், தவறவிட்டோமே என்று பதறத் தேவையில்லை. ஒளியைத் தேடிக் கண்ணை ஓடவிட்டால் சோதனை கெட்டுவிடும். மதியம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனால் தூங்கிவிடுவீர்கள், காலை நேரமாகக் கேளுங்கள்.

கைக்குழந்தைக்கு விகாபட்ரின் எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

மனசைப் பிசையும் கேள்வி. குழந்தைப் பருவச் சுண்டு வலிப்புக்கு, குறிப்பாக ட்யூபரஸ் ஸ்கிளிரோசிஸ் (மூளை முதலிய உறுப்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) உள்ள குழந்தைகளுக்கு, இது முதல் வரிசை மருந்து. அந்த வலிப்பை விட்டுவைத்தால் மூளை வளர்ச்சியே தடைபடும். பார்வை ஓரம் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம் என்ற கணக்கில் மருத்துவர்கள் மூளையைத் தேர்ந்தெடுப்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆபத்து நாள்பட நாள்படக் கூடுவதால், பலன் தெரிந்தால் ஏறத்தாழ ஆறு மாதத்தோடு நிறுத்தப் பார்ப்பார்கள். குழந்தை பொத்தான் அழுத்தாது என்பதால் விழித்திரையின் மின்னசைவைப் பதிவுசெய்யும் சோதனையோ விழித்திரை ஸ்கேனோ செய்வார்கள். "எத்தனை மாசம் கொடுக்கணும், கண்ணை எப்போ பார்க்கணும்?" என்று முதல் நாளே கேளுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, கால் எரிச்சலுக்கு ப்ரெகாபலின். கண் மங்கல் மாத்திரையாலா?

ப்ரெகாபலினால் மங்கலாம், தொடங்கிய புதிதில் வந்து தானாகவே குறைவதும் உண்டு. ஆனால் சர்க்கரை உள்ளவர் விஷயத்தில் மாத்திரையைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். சர்க்கரை ஏறி இறங்கினாலே கண்ணாடி எண் ஆடும், விழித்திரையில் கசிவும் இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் வருடாந்தர விழித்திரைப் படம் எடுத்தாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

கட்டுமான வேலை செய்கிறேன். சொன்னால் வேலை போய்விடுமோ?

இந்தக் கேள்வி மெதுவான குரலில்தான் வரும். தம்பி, இரண்டாகத் தெரியும்போது சாரத்தில் ஏறினால் போவது வேலை மட்டுமாக இருக்காது. எந்தப் படி உண்மையான படி என்றே தெரியாது. அளவு மாற்றிய நாள்களில் தரையில் செய்யும் வேலை தரச் சொல்லி மருத்துவரிடம் கடிதம் கேட்கலாம். வாகனம் ஓட்டுவதும் அப்படியே. வலிப்பு உள்ளவர்களுக்கு உரிமம் பற்றிய விதிகள் இங்கே கண்டிப்பானவை, மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

கண்ணில் வண்ண வட்டங்கள் வருகின்றன. இதுவும் பக்கவிளைவா?

சில நொடி, மிஞ்சினால் ஓரிரு நிமிடம் வந்து போகும் வண்ண வட்டங்கள் மூளையின் பின்பகுதியில் எழும் வலிப்பாகவே இருக்கலாம். கோணல்மாணலான மின்னல் கோடு மெல்லப் பரவி இருபது நிமிடம் போல் நீடித்தால் ஒற்றைத் தலைவலியின் முன்னறிவிப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

கண் கெடுகிறது என்றால் மாத்திரையை நானே நிறுத்திவிடலாமா?

கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிரையே பறிக்கும். மேலே சொன்ன அவசர நிலைகளில்கூட நிறுத்தும் முடிவை மருத்துவமனையில் எடுக்கட்டும், மாற்று மருந்தும் அங்கேயே தருவார்கள். அதற்காக இரண்டு நாள் யோசிக்காமல் உடனே கிளம்புவதுதான் உங்கள் பங்கு. லெவெட்டிராசிட்டம் போலக் கண்ணை அதிகம் தொடாத மருந்துகள் இருக்கின்றன. அவற்றுக்கு எரிச்சல், கோபம் என்று வேறு கணக்கு உண்டு.

கண் மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

எல்லா மாத்திரை அட்டைகளும், அளவு கடைசியாக மாறிய தேதியும், நேரம் குறித்த அந்தத் தாளும். நரம்பியல் மருத்துவர் ஒரு மருத்துவமனையில், கண் மருத்துவர் இன்னொன்றில் என்றால் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருப்பார் என்று எண்ண வேண்டாம், நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளி பட்டால் வலிப்பு வரும் வகை என்றால் (வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்) சோதனைக்கு முன் அதையும் சொல்லுங்கள். மாத்திரை அளவு மாறிய சில வாரங்களுக்குப் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். வலிப்பு நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருப்பதால் அதன் வெளிநோயாளிச் செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தலாமா என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து தெரியாது. கறுப்புக் கண்ணாடியும் கூட வர ஓர் ஆளும் இருக்கட்டும்.